போர் விமானச் சிமுலேட்டர்: நெல்லைச் சீமையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் போர் விமானம் ஓட்டிப் பழக விரும்பும் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசிப் பக்கத்து இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. முதல் நாளிலேயே ஏவுகணை வீசக் கற்றுக்கொள்ள விரும்புவோர் ஏராளம். ஒரே விமானத்தை எடுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகத் தரையிறக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஆயுதத்தைத் தொடுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

டிசிஎஸ் வேர்ல்டில் தொடங்குங்கள். ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் வெளியிடும் இந்தச் சிமுலேட்டரின் அடிப்படைத் தொகுப்பு இலவசம். அதோடு சு-25டி என்னும் தரைத்தாக்குதல் ஜெட்டும், டிஎஃப்-51டி மஸ்டாங் என்னும் பழைய விசிறி விமானமும், காக்கசஸ், மரியானா ஆகிய இரண்டு நிலப்படங்களும் காசில்லாமல் கிடைக்கின்றன. எஃப்-16, எஃப்/ஏ-18சி போன்றவற்றைத் தனித்தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும்.

இதை ஸ்டீம் வழியாகவும் இறக்கலாம், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தும் இறக்கலாம். சொந்தத் தளத்தில் இறக்குவதே நல்லது என்று நான் நினைக்கிறேன். ஏனெனில் விலைக்கு விற்கும் விமானங்களைப் பதினான்கு நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கும் வசதி அங்கேதான் உண்டு. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் அந்த விமானம் நமக்குக் கைகொடுக்குமா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழியில்லை.

ஃபால்கன் பிஎம்எஸ் என்று இன்னொன்று உண்டு. எஃப்-16 ஒன்றையே உயிராகக் கொண்டவர்களுக்கு அது மிகச் சிறந்தது. ஆனால் 1998இல் வந்த ஃபால்கன் 4.0 விளையாட்டின் முறையான பிரதி கணினியில் இருந்தால்தான் அது நிறுவப்படும்.

திருநெல்வேலிக்கு மேலேயே பறக்க முடியுமா?

டிசிஎஸ் வேர்ல்டில் தென்னிந்திய நிலப்படம் கிடையாது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் உலகம் முழுவதும் இருப்பதால், அங்கே வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து கிளம்பித் தாமிரபரணி வழியே மேற்கே போய், பொதிகை மலையைச் சுற்றி வரலாம். அதில் எஃப்/ஏ-18இ விமானமும் உண்டு, ஆனால் ஆயுதங்களைச் சுட முடியாது.

இருந்தாலும் ஒருமுறையேனும் அப்படிப் பறந்து பார்க்கச் சொல்வேன். ஜெட்டின் வேகம் என்றால் என்ன என்பது தெரிந்த ஊரின் மேல் பறக்கும்போதுதான் புத்தியில் ஏறும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்; 480 நாட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 890 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வாகைக்குளத்திலிருந்து பாளையங்கோட்டை இரண்டு நிமிடச் சொச்சம். பாபநாசம் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். அதற்கு அப்பால் 1,868 மீட்டர் உயர அகத்தியமலை எதிரே நிற்கும். அதைத் தாண்ட வேண்டுமானால் அம்பாசமுத்திரத்துக்கு மேலே வரும்போதே மூக்கைத் தூக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

என்ன மாதிரிக் கணினி வேண்டும்?

எஸ்எஸ்டி இல்லாமல் தொடங்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் நிறுவினால் ஒரு களம் திறப்பதற்கே பொறுமை போய்விடும். நிலப்படங்கள் ஒவ்வொன்றும் பல பத்து ஜிபி இடம் கேட்பவை என்பதால், ஓட்டாத படங்களை நிறுவ வேண்டாம். ரேம் 16 ஜிபி இருந்தால் சிறிய களங்கள் ஓடும். பலர் சேர்ந்து ஆடும் பெரிய களங்களுக்கு 32 ஜிபி வேண்டும். படம் தடுமாறினால் முதலில் நிழல்களின் தரத்தையும், பிறகு பார்வைத் தொலைவையும், விளிம்புகளை மழமழப்பாக்கும் எம்எஸ்ஏஏ அளவையும் குறையுங்கள். காக்பிட்டின் எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் டெக்ஸ்சர் தரத்தைக் கடைசியாகக் குறைக்கலாம்.

நம் பக்கத்துக்கென்று இரண்டு விஷயங்கள் உண்டு. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் கிராபிக்ஸ் கார்டு சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அமைப்புகளைக் குறை சொல்லும் முன் வெப்பநிலையைப் பாருங்கள். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று அள்ளிப் போடும் புழுதி விசிறிகளில் படிந்துவிடுகிறது, ஆகவே காற்றுக்காலம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து தூசு தட்ட வேண்டும்.

மின்சாரம் போய் வரும் வீடுகளில் யுபிஎஸ் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டர் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்து, அதிலுள்ள சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைத்தால் பெரும்பாலும் கணினி அணையாது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரை நம்ப வேண்டாம். புதுப்பிப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்க் கோப்புகள் கெட்டால், மொத்தத்தையும் அழித்து மீண்டும் இறக்கத் தேவையில்லை. டிசிஎஸ் தரும் ரிப்பேர் வசதியை ஓட்டினாலே கெட்ட கோப்புகளை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

ஜாய்ஸ்டிக் இல்லாமல் விசைப்பலகையில் ஓட்டலாமா?

கூடாது. விசை அழுத்தினால் முழுவதும் திரும்பும், விட்டால் நின்றுவிடும். ஜெட் விமானம் கேட்பது அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நுணுக்கமான அசைவை. பிடியைத் திருகினால் ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) வேலை செய்கிற, அடியில் சிறு த்ராட்டில் (இயந்திர விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) உள்ள சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்றே முதல் வருடத்துக்குப் போதும்.

நெல்லைக் கடைகளில் பெரும்பாலும் பந்தய ஸ்டீயரிங்தான் இருக்கும், ஜாய்ஸ்டிக்கை இணையத்தில் வரவழைக்க வேண்டியிருக்கும். வாங்கும்போது உள்ளே ஹால் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்தவற்றில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் உலோக விரல் ஒன்று கரித்தடத்தின் மேல் உரசியபடி நகர்கிறது. தூசு சேரச் சேர, தடம் தேயத் தேய, கை அசையாமல் இருந்தாலும் அளவு துள்ளும். ஹால் சென்சார் காந்தப்புலத்தை அளப்பதால் அங்கே உரசலும் இல்லை, தேய்மானமும் இல்லை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இந்த வகையைச் சேர்ந்தது; விகேபி கிளாடியேட்டரிலும் உரசாத காந்த சென்சார்தான்.

எல்லாவற்றையும் இணைத்தபின் விமானம் தானாக உருளுகிறது. த்ராட்டிலை நகர்த்தினால் மூக்கு ஆடுகிறது. ஜாய்ஸ்டிக் பழுதா?

பெரும்பாலும் இல்லை. டிசிஎஸ், இணைத்திருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தானாகவே அச்சுகளை (அசைவுத் திசைகளை) ஒதுக்கிவிடுகிறது. ஜாய்ஸ்டிக், தனி த்ராட்டில், பெடல் என்று மூன்று இருந்தால் மூன்றின் முதல் அச்சும் உருளலுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டுப்பாட்டு அமைப்புக்குள் சென்று, மேலே நீங்கள் ஓட்டும் விமானத்தின் பெயரையும் அச்சுப் பட்டியலையும் தேர்ந்து, உருளல் (ரோல்), மூக்கு (பிட்ச்), ரட்டர், த்ராட்டில் ஆகிய நான்கு வரிசைகளிலும் ஒவ்வொரு சாதனத்தின் கட்டத்தையும் பாருங்கள். ஒரு வரிசைக்கு ஒரே சாதனம் இருக்க வேண்டும், மற்றவற்றை அழித்துவிடுங்கள். சுட்டியின் நெடுவரிசையையும் கேம் கன்ட்ரோலர் நெடுவரிசையையும் பார்க்க மறக்காதீர்கள், சிக்கல் அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கும்.

இந்த ஒதுக்கீடு விமானத்துக்கு விமானம் தனி. சு-25டியில் சரிசெய்தது எஃப்-16இல் வராது. த்ராட்டில் தலைகீழாக வேலை செய்தால் அதே திரையில் இன்வெர்ட் என்ற கட்டத்தைக் குறியிடுங்கள்.

ஜாய்ஸ்டிக் அச்சின் வளைவு (கர்வ்) எவ்வளவு வைக்க வேண்டும்?

குட்டையான மேசை ஜாய்ஸ்டிக்குக்கு மூக்கிலும் உருளலிலும் 15 முதல் 20 வரை வைக்கலாம். நடுப்பகுதியில் கையசைவு மென்மையாகும், ஓரத்தில் முழு அசைவும் கிடைக்கும். டெட் ஸோன் (கையசைவைக் கணக்கில் எடுக்காத சிறு நடுப்பகுதி), நடுவில் ஆட்டம் இருந்தால் மட்டும், ஒன்றிரண்டு அளவு. எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தால் கைப்பழக்கம் ஏறாது.

தலையசைவைப் பின்தொடரும் கருவி அவசியமா?

வாங்க வேண்டிய முதல் கூடுதல் பொருள் அதுதான் என்பேன். விலையுயர்ந்த த்ராட்டில்கூட அதற்குப் பிறகுதான். எதிரி விமானத்தைக் கண்ணிலிருந்து விட்டவர் சண்டையில் தோற்பார் என்பது நிஜ விமானிகளின் பாடம். ட்ராக்ஐஆர் என்னும் கருவியின் விலை அதிகம். ஆனால் ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருளில் சாதாரண வெப்கேமராவைக் கொண்டே முகத்தைப் பின்தொடரும் வசதி உண்டு. முகத்தில் சீரான வெளிச்சம் விழும்படி விளக்கை முன்னால் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தால் அது தடுமாறும்.

முதல் விமானம் எது?

இலவசமாகக் கையில் இருக்கும் சு-25டி. அதன் காக்பிட்டில் சுவிட்சுகளைச் சுட்டியால் தொட்டு இயக்க முடியாது, எல்லாமே விசைகள். வேகம் கிலோமீட்டரிலும் உயரம் மீட்டரிலும் காட்டும். கனமானது, மெதுவாகத் திரும்பும், ட்ரிம் செய்யாவிட்டால், அதாவது கையை எடுத்தாலும் நேராகப் போகும்படி சமன்செய்யாவிட்டால், கையை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் குணங்களுக்காகவே அது நல்ல ஆசான். வேகம் மாறும்போதெல்லாம் ட்ரிம் மாற்ற வேண்டும் என்பது விரலில் பதிந்துவிடும்.

அடுத்து ஒன்றே ஒன்றை வாங்குங்கள். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க ஆசையிருந்தால் எஃப்/ஏ-18சி, இல்லையென்றால் எஃப்-16சி. தள்ளுபடிக் காலத்தில் நான்கைந்து வாங்கி வைத்து ஒன்றையும் முழுதாக ஓட்டத் தெரியாமல் இருப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பேர். அது பணத்துக்கும் கேடு, ஆர்வத்துக்கும் கேடு.

நம் விமானப்படையின் விமானங்கள் இருக்கின்றனவா?

தஞ்சாவூரில் 2020 முதல் 222ஆம் படைப்பிரிவின் சு-30எம்கேஐ விமானங்களும், சூலூரில் தேஜஸ் விமானங்களும் இருப்பதால் இந்தக் கேள்வி இயல்பானது. டிசிஎஸ்ஸில் இந்த இரண்டும் அதிகாரப்பூர்வமாக இல்லை. சு-30இன் மூதாதையான சு-27 உண்டு. மிக்-21பிஸ் மிக விரிவாகச் செய்யப்பட்டிருக்கிறது. 1963இல் இந்தியாவுக்கு வந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டீகரில் விடைபெற்ற மிக்-21 குடும்பத்தில், கடைசிவரை பறந்த பைசன், இந்த பிஸ் வகையை மேம்படுத்திச் செய்ததுதான். கார்கில் போரில் பங்கெடுத்த மிராஜ் 2000இன் பிரெஞ்சு விமானப்படை வடிவமும் செய்யப்பட்டிருக்கிறது. சு-33 இன்னொரு வகையில் நமக்கு நெருக்கம்: ஐஎன்எஸ் விக்ரமாதித்யா, விக்ராந்த் கப்பல்களைப் போலவே முன்புறம் மேல்நோக்கி வளைந்த தளத்திலிருந்து அது எழும்புகிறது.

இயந்திரத்தை முடுக்கும் முறையை மனப்பாடம் செய்ய வேண்டுமா? தானாக முடுக்கும் விசை இருக்கிறதே?

மனப்பாடம் வேண்டாம், காரணம் தெரிந்தால் போதும். எஃப்/ஏ-18சியை எடுத்துக்கொள்வோம். பேட்டரி சுவிட்சைப் போட்டு, ஏபியு என்னும் சிறு துணை இயந்திரத்தை ஓடவிடுகிறோம். பெரிய இயந்திரத்தைச் சுழற்றத் தேவையான காற்றழுத்தம் அதிலிருந்துதான் வருகிறது. பச்சை விளக்கு எரிந்ததும் கிராங்க் சுவிட்சை வலப்பக்கம் தள்ளினால் வல இயந்திரம் சுழலும். சுழற்சி 10 விழுக்காட்டைத் தாண்டிய பிறகே த்ராட்டிலை ஐடிலுக்கு (மிகக் குறைந்த ஓட்டநிலைக்கு)க் கொண்டுவந்து எரிபொருள் கொடுக்க வேண்டும். காற்றோட்டம் போதாமல் எரிபொருளை விட்டால் வெப்பம் எகிறும். வல இயந்திரம் நிலைபெற்றதும் பிளீட் ஏர் (இயந்திரத்திலிருந்து எடுக்கும் அழுத்தக் காற்று) குமிழை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, இடப்பக்கத்தை அதேபோல் முடுக்குங்கள். உடனே ஐஎன்எஸ் என்னும் வழிகாட்டும் கருவியின் குமிழைத் தரைநிலைக்குத் திருப்புங்கள். விமானம் தான் இருக்கும் இடத்தையும் திசையையும் கணக்கிட்டு முடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். எஃப்சிஎஸ் (பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினி) ரீசெட், ட்ரிம், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை), ரேடார், ஆயுதப் பக்கம் எல்லாவற்றையும் அந்த நேரத்தில் முடித்துக்கொள்ளலாம்.

தானியங்கி விசையைப் பயன்படுத்துவது தவறில்லை. ஆனால் சண்டையில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் அதை மறுபடி முடுக்கக் கைகொடுப்பது இந்தக் காரண அறிவுதான்.

தரையிறக்கம் மட்டும் வரவே இல்லை. ஓடுபாதையைத் தாண்டிப் போகிறேன், அல்லது முன்னாலேயே விழுகிறேன். என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தொடங்குவோர் ஸ்டிக்கால் உயரத்தையும் த்ராட்டிலால் வேகத்தையும் கட்டுப்படுத்த முயல்கிறார்கள். இறங்கும்போது ஹார்னெட் எனப்படும் எஃப்/ஏ-18 போன்ற விமானம் அதற்கு மாறாகக் கேட்கிறது: காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை ட்ரிம்மால் நிலைநிறுத்து, இறங்கும் சரிவை த்ராட்டிலால் திருத்து. எஃப்/ஏ-18சிக்கு அந்தக் கோணம் 8.1 பாகை. எடை எதுவானாலும் கோணம் மாறாது. எடைக்கேற்ப வேகம்தான் கூடும், குறையும். ஆகவே வேக எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஓடுபாதைக்கு மேலே 1,500 அடியில் 350 நாட் வேகத்தில் வந்து, இடப்பக்கம் திரும்பி, வேகம் 250 நாட்டுக்குக் கீழே வந்ததும் சக்கரத்தையும் முழு ஃப்ளாப்பையும் இறக்குங்கள். இப்போது ஓடுபாதைக்கு இணையாக, எதிர்த்திசையில், உயரம் மாறாமல் பறந்தபடி ட்ரிம்மைச் சிறிது சிறிதாகத் தட்டுங்கள். முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு விளக்குத் தொகுதியைப் பாருங்கள். பச்சை அம்பு எரிந்தால் கோணம் அதிகம், வேகம் குறைவு. சிவப்பு அம்பு எரிந்தால் வேகம் அதிகம். நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் எரியும்போது ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துப் பாருங்கள்: விமானம் அப்படியே போனால் ட்ரிம் முடிந்தது.

இதன்பின் திரும்பி ஓடுபாதையை நேர்கொண்டதும், போகும் திசையைக் காட்டும் சிறு விமானக் குறியை ஓடுபாதையின் தொடக்கத்தில் வையுங்கள். குறி முன்னே நழுவினால் த்ராட்டிலை ஒரு மயிரிழை குறையுங்கள். பின்னே நழுவினால் கூட்டுங்கள். கூட்டியதைப் பாதி திரும்ப எடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள், ஏனெனில் இயந்திரம் சொன்னதைக் கேட்கக் கணப்பொழுது தாமதமாகும். கடைசி நொடியில் மூக்கைத் தூக்காதீர்கள். கப்பல் தளத்துக்காகச் செய்த சக்கரங்கள், அந்த மோதலைத் தாங்கும்.

எஃப்-16இல் இது வேறு. அதை 11 பாகையில் கொண்டுவந்து, தரை தொடும் முன் மெல்லத் தூக்கி, தொட்ட பிறகும் மூக்கை 13 பாகை வரை உயர்த்தியே வைத்துக் காற்றையே பிரேக்காகப் பயன்படுத்த வேண்டும். 15 பாகையைத் தாண்டினால் வால் உரசும். சு-25டியில் தரை தொட்டதும் வால் பாராசூட்டை விரியுங்கள்.

வெறும் களத்தில், ஆயுதமில்லாமல், குறைந்த எரிபொருளோடு, இதை மட்டும் ஒரு வாரம் செய்யுங்கள். காற்றின் அளவைப் பூஜ்ஜியமாக வைத்துத் தொடங்கி, பிறகு பக்கக்காற்றைக் கூட்டுங்கள்.

திரும்பும்போது எதிரி எப்போதும் என் வட்டத்துக்கு உள்ளே திரும்பிவிடுகிறான். ஏன்?

உங்கள் வேகம் அதிகமாக இருக்கும். 480 நாட் வேகத்தில் 2 ஜி (உடல் எடை இருமடங்காக உணரப்படும்) திருப்பத்தின் ஆரம் ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர், வட்டத்தின் ஒரு முனை டவுன் நெல்லையப்பர் கோயில் என்றால் மறுமுனை பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கும் அப்பால். அதே வேகத்தில் 4 ஜி இழுத்தால் ஆரம் 1.6 கிலோமீட்டராகச் சுருங்கும். ஆரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகம் பாதியானால் அதே ஜியில் ஆரம் கால் பங்காகும். ஆனால் வேகம் மிகக் குறைந்தால் இறக்கை அவ்வளவு ஜியைத் தர முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு விமானத்துக்கும் மிகச் சிறப்பாகத் திரும்பும் வேகம் ஒன்றுண்டு. அதைத் தேடிப் பிடித்து, அதில் நிற்கப் பழகுங்கள். முதல் திருப்பத்திலேயே ஸ்டிக்கை முழுவதும் இழுத்தால் வேகம் கரைந்து, கண் இருட்டி, அடுத்த திருப்பத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஏவுகணையிலிருந்து தப்புவது எப்படி?

ஏவுகணையின் ராக்கெட் சில நொடிகளே எரியும். அதற்குப் பின் அது சேர்த்து வைத்த வேகத்தில்தான் வருகிறது. தொலைவிலிருந்து வீசப்பட்டிருந்தால் திரும்பி ஓடுங்கள், தாழ இறங்குங்கள். கீழே காற்று அடர்த்தி. ஏவுகணை தன் வேகத்தை இழந்துவிடும்.

ரேடார் ஏவுகணைக்கு இன்னொரு வழி உண்டு. தரையிலிருந்து எதிரொலிக்கும் அலைகளை ஒதுக்க, ரேடார் டாப்ளர் மாற்றத்தைப் பயன்படுத்துகிறது. அதற்குச் செங்குத்தான திசையில், அதைவிடத் தாழ்வாக நீங்கள் பறந்தால், நெருங்கும் வேகத்தில் உங்களுக்கும் தரைக்கும் வித்தியாசம் இல்லாமல் போய், அது உங்களையும் தரையென்று ஒதுக்கிவிடும். அப்போது சாஃப் (ரேடாரை ஏமாற்றும் உலோகத் துணுக்குகள்) வீசுங்கள். எய்ம்-9 போன்ற வெப்பம் தேடும் ஏவுகணைக்கு இது உதவாது. அதற்கு ஆஃப்டர்பர்னரை (கூடுதல் எரிபொருளை எரித்து உந்தும் பகுதியை) அணைத்துவிட்டு, ஃப்ளேர் என்னும் எரியும் வெப்பப் பொறியை வீசுங்கள்.

வானில் எரிபொருள் நிரப்பும்போது மேலும் கீழும் ஆடிப்போகிறேன்.

எரிபொருள் குழாயின் முனையிலுள்ள கூடையைப் பார்க்காதீர்கள், எரிபொருள் தரும் டேங்கர் விமானத்தைப் பாருங்கள். தோளில் கைபோட்டுச் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் பையன்கள் கையைப் பார்த்தால் விழுவார்கள், சாலையைப் பார்த்தால் போவார்கள், இதுவும் அப்படியே. பிடியை இறுக்காமல், த்ராட்டிலில் சிறு சிறு திருத்தங்களாகச் செய்யுங்கள்.

என் மகன் பிளஸ் டூ படிக்கிறான், எந்நேரமும் இதிலேயே இருக்கிறான். விமானப்படையில் சேர இது உதவுமா?

சான்றிதழாக உதவாது. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்களுக்கு, ஆண்டுக்கு இருமுறை யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு உண்டு. இப்போது பெண்களும் எழுதலாம். பட்டம் பெற்றவர்களுக்கு விமானப்படையின் ஏஎஃப்கேட் பொதுச் சேர்க்கைத் தேர்வு. விமானியாக விரும்புவோர் சிபிஎஸ்எஸ் என்னும் கணினிவழித் தகுதித் தேர்வில் தேற வேண்டும், அதை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுத முடியும். அதில் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறனைச் சோதிக்கிறார்கள் என்பதால், சிமுலேட்டரில் பெற்ற பழக்கம் பயமில்லாமல் உட்கார உதவலாம். இருந்தாலும் அந்த அறைவரை கூட்டிச்செல்வது கணிதமும் இயற்பியலும் உடல்நலமும்தான். மேலே சொன்ன திருப்ப ஆரக் கணக்கை அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வட்ட இயக்கப் பாடம் அதில் அப்படியே இருக்கிறது.

புதுப்பிப்புக்குப் பிறகு விசை ஒதுக்கீடுகள் காணாமல் போயின. மீட்க முடியுமா?

முன்பே பிரதி எடுத்திருந்தால் முடியும். விண்டோஸில் சேவ்டு கேம்ஸ் கோப்புறைக்குள் டிசிஎஸ், அதற்குள் கான்ஃபிக், அதற்குள் இன்புட் என்ற கோப்புறை இருக்கும். உங்கள் ஒதுக்கீடுகள் முழுவதும் அதில்தான். அதைப் பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக்கை வேறு யுஎஸ்பி துளையில் செருகினாலும் சில வேளை கணினி அதைப் புதிய சாதனமாக எண்ணிவிடும் என்பதால், எது எந்தத் துளை என்று சீட்டு ஒட்டி வைப்பது நல்லது. புதுப்பித்தபின் படம் விட்டுவிட்டு வந்தால், அதே டிசிஎஸ் கோப்புறையிலுள்ள எஃப்எக்ஸ்ஓ, மெட்டாஷேடர்ஸ்2 ஆகிய இரண்டின் உள்ளடக்கத்தையும் அழித்துவிடுங்கள். அவற்றைச் சிமுலேட்டர் மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். முதல் முறை திறக்க மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரமாகும்.